லிட்டில் கரீப்: கூரையைக் காத்தவரும் நாடகம் எழுதியவரும்

வாசகர் ஒருவரின் கூற்று (2024 ஜனவரி 13)

கவிஞரும் நாடகாசிரியருமான டெரிக் வால்காட் 1959இல் ட்ரினிடாட் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு நாடகப் பட்டறையைத் தொடங்கினார். ட்ரினிடாடில் மக்கள் அரங்கம் என்று சொல்லத்தக்க ஒன்று அதிலிருந்துதான் பிறந்தது. லிட்டில் கரீப் என்பது அந்தப் பட்டறை ஒத்திகை பார்த்த மண்டபம், அவ்வளவே. இதில் மறுக்க ஏதேனும் உண்டா?

ஜனவரி 13, இரவு

மறுக்க நிறையவே உண்டு. முதலில் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் வுட்புரூக் பகுதியில், ஒயிட் தெருவும் ராபர்ட்ஸ் தெருவும் சந்திக்கும் முனையில், லிட்டில் கரீப் அரங்கம் தொடங்கியது 1948இல். அப்போது வால்காட்டுக்கு வயது பதினெட்டு. அவர் ட்ரினிடாடில் வசிக்கவும் இல்லை. தாம் பிறந்த தீவான செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸ் நகரில், தாயார் கொடுத்த பணத்தில் தம் முதல் கவிதை நூலை அச்சிடும் கவலையில் இருந்தார்.

அரங்கை எழுப்பியவர் பெரில் மெக்பர்னி என்னும் நடனக் கலைஞர். அந்த ஆண்டு நவம்பரில் ஜமைக்காவிலும் ட்ரினிடாடிலும் பாட வந்திருந்த அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் அதற்குக் கல் நாட்டினார். ஆகவே, பட்டறை வருவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கூரை அங்கே இருந்தது. ஏன் இருந்தது, யார் கேட்டு எழுந்தது என்பதை நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 14

மெக்பர்னி தொழில்முறையில் புகழ்பெற்ற பிறகு ஊர் திரும்பியவர் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். மார்த்தா கிரஹாமிடம் நடனம் பயின்றார். ‘லா பெல் ரோசெட்’ என்ற மேடைப்பெயரில் ஆடினார். 1942இல் பிராட்வேயில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிகழ்ச்சியில் கார்மென் மிராண்டாவின் இடத்தை நிரப்பினார். அவரிடம் கரீபிய ஆட்டங்களைக் கற்றவர்களுள் நடனக் கலைஞர் பேர்ல் ப்ரைமஸும் ஒருவர். அந்த நகரத்திலேயே தங்கியிருந்தால் அவருக்கு வசதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். அவரோ 1945இல் ட்ரினிடாடுக்குத் திரும்பி, கல்வித்துறையில் நடன ஆசிரியராகச் சேர்ந்தார்.

நியூயார்க்குக்குப் போவதற்கு முன்பே, நாட்டுப்புற வழக்காறுகளைத் தேடித் திரிந்த ஆண்ட்ரூ கார் என்பவருடன் கிராமங்களுக்குச் சென்று, பெலே, போங்கோ முதலிய ஆட்டங்களையும் அவற்றுக்கான பாடல்களையும் அவர் நேரில் கற்றிருந்தார். அவை அன்றைய நகர நடுத்தர வகுப்பார் வெட்கப்பட்டு ஒதுக்கியவை. வெட்கத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை, அவற்றில் சிலவற்றுக்குச் சட்டத்தின் பகையும் இருந்தது. 1883இல் வந்த ஓர் ஆணை தோற்பறைகளை ஒடுக்கியது. உரத்த குரலில் வழிபடும் ஷவுட்டர் பாப்டிஸ்ட் சமயம் 1917 முதல் 1951 வரை தடைசெய்யப்பட்டிருந்தது. ஆப்பிரிக்க வழிபாட்டு மரபுகள் யாவும் ‘ஓபியா’ (சூனியம்) என்ற பழிச்சொல்லுக்கும் காவலரின் தடிக்கும் அஞ்சி வாழ்ந்த காலம் அது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே ஷாங்கோ வழிபாட்டின் அசைவுகளை நகரின் நடுவில், டிக்கெட் கொடுத்து, நல்லுடை அணிந்த கனவான்களின் முன் ஆடிக்காட்டியது சிறிய செயல் அன்று. அந்தத் தடை நீக்கப்பட்ட நாள் 1951 மார்ச் 30. மெக்பர்னி காலமானதும் ஒரு மார்ச் 30ஆம் நாளில்தான், 2000ஆம் ஆண்டில். தற்செயல்தான், ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

ஜனவரி 17

‘ஸ்டீல்பேண்ட் குழுக்களையும் மெக்பர்னிதான் உருவாக்கினாரா?’ என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டிச் சுரம் பிரித்தவர்கள் தெருப் பையன்கள். அவர்களை அன்றைய செய்தித்தாள்கள் ரவுடிகளாகவே எழுதின, மோதல்களும் மெய்யாகவே நடந்தன. மெக்பர்னி செய்தது, வுட்புரூக்கைச் சேர்ந்த இன்வேடர்ஸ் குழுவைத் தம் அரங்குக்குள் அழைத்து, நடனத்துக்கு வாசிக்க வைத்தது. அந்தக் குழுவின் எல்லி மானெட், 1951இல் பிரிட்டன் விழாவுக்குச் சென்ற ட்ரினிடாட் ஸ்டீல் இசைக்குழுவிலும் இடம்பெற்றார். தெருவில் கேட்டால் காவலரைக் கூப்பிட்டவர்கள் அரங்கில் கேட்டுக் கைதட்டினார்கள் என்பதில் ஒரு கசப்பும் இருக்கிறது.

இன்வேடர்ஸ் குழுவின் முற்றம் குவீன்ஸ் பார்க் ஓவல் மைதானத்துக்கு எதிர்ப்புறம். நம்மவர்களுக்கு அந்த மைதானத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை: 1971இல் கவாஸ்கர் அறிமுகமானதும், 1976 ஏப்ரலில் இந்தியா 403 ரன்களைத் துரத்தி வென்றதும் அங்கேதான். நான் ட்ரினிடாடில் வேலை பார்த்த காலத்தில் மைதானத்தைப் பார்க்கத்தான் முதலில் போனேன். லிட்டில் கரீப் அங்கிருந்து நடக்கும் தொலைவில் இருப்பது பிறகுதான் கண்ணில் பட்டது. வீடுகள் நிறைந்த சாதாரணத் தெரு. பெயரை வைத்து நான் கற்பனை செய்திருந்ததைவிடக் கட்டடம் சிறியது.

ஜனவரி 20

கூற்றை எழுதியவர் மறுபடியும் வந்திருக்கிறார். ‘நடனக்கூடம் வேறு, நாடக அரங்கம் வேறு, நான் சொன்னது நாடகத்தைப் பற்றி’ என்கிறார். இந்தப் பிரிவினையை ஏற்றால்கூட அவருடைய வாதம் நிற்காது. வால்காட்டின் ‘டி-ஜான் அண்ட் ஹிஸ் பிரதர்ஸ்’ நாடகம் முதன்முதலில் மேடையேறியது 1958இல், லிட்டில் கரீப் அரங்கில். பட்டறை தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. அதே 1958இல்தான், பிரிட்டிஷ் கரீபியத் தீவுகள் சேர்ந்து அமைத்த மேற்கிந்தியக் கூட்டாட்சியின் நாடாளுமன்றத் தொடக்க விழாவுக்காக அவர் எழுதித்தந்த ‘டிரம்ஸ் அண்ட் கலர்ஸ்’ போர்ட் ஆஃப் ஸ்பெயினில் திறந்தவெளியில் நடந்தது. கூட்டாட்சி நான்கு ஆண்டுகளில் உடைந்துவிட்டது, அது வேறு கதை. அந்த விழாவுக்காகத் தீவு தீவாக வந்த கலைஞர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வால்காட்டுக்கு முன்பே ட்ரினிடாடில் நாடகக்காரர்கள் இருந்தார்கள். 1940களில் செயல்பட்ட ஒயிட்ஹால் பிளேயர்ஸ் குழுவில் எரல் ஜான் இருந்தார். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஒண்டிக்குடித்தன முற்றம் ஒன்றை வைத்து அவர் எழுதிய நாடகம் 1957இல் லண்டனின் ‘அப்சர்வர்’ இதழ் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. எரலின் தந்தை ஜார்ஜ் ஜான், மேற்கிந்தியாவின் தொடக்ககால வேகப்பந்து வீச்சாளர்களுள் ஒருவர். கிரிக்கெட்டை விடமாட்டேன் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது, இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

ஜனவரி 28

இனி வால்காட்டின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்கிறேன். மேலே எழுதியவற்றை ஒருசேரப் படித்தபோது, நான் அவரைக் குறைத்துக் காட்டுவதாக ஒரு தோற்றம் வந்துவிட்டது. அது என் நோக்கமன்று.

அவர் 1958இல் ராக்ஃபெல்லர் நிதியுதவியில் நியூயார்க் சென்று நாடக இயக்கம் பயின்றார்; ‘சர்க்கிள் இன் தி ஸ்கொயர்’ அரங்கில் இயக்குநர் ஹொசே கின்டெரோ பணியாற்றும் முறையை அருகிருந்து பார்த்தார். திரும்பி வந்ததும், நாடகம் போடும் அவசரமே இல்லாத ஒரு குழுவை அமைத்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. லிட்டில் கரீப் நாடகப் பட்டறை என்று அதற்குப் பெயர். கற்றுக்கொண்டதை எப்போதாவது அழைக்கப்பட்டவர்களுக்கு ஆடிக்காட்டினார்கள்; மற்றபடி உடல், குரல், உடனடிப் புனைவு என்று பயிற்சியிலேயே ஆண்டுகளைக் கழித்தார்கள். எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எரல் ஜோன்ஸ், ஸ்டான்லி மார்ஷல், ஆல்பர்ட் லாவோ, வில்பர்ட் ஹோல்டர், ஸ்லேட் ஹாப்கின்சன் என்று அந்தத் தலைமுறையின் பெயர்கள் நீளும். இயக்குநரும் விதிவிலக்கல்லர்: ‘ட்ரினிடாட் கார்டியன்’ நாளிதழில் கலை விமர்சனம் எழுதித்தான் அவர் பிழைத்தார்.

இது எத்தனை கடினம் என்பதை அமெச்சூர் குழுவில் இருந்தவர்கள் அறிவார்கள். எங்கள் ஊரில் நான் இருந்த குழுவில் தேதி குறித்து, மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, நோட்டீஸ் அடித்த பிறகுதான் ஒத்திகைக்கு ஆள் சேரும். மேடை இல்லாத வெறும் பயிற்சிக்கு வா என்றால் இரண்டாவது வாரமே கதாநாயகனுக்கு உறவினர் திருமணம் வந்துவிடும், வசனம் எழுதியவருக்கு இரவுப்பணி வந்துவிடும், ஹார்மோனியக்காரர் சொல்லாமலேயே நின்றுவிடுவார். சம்பளமும் இல்லை, கைதட்டலும் இல்லை என்ற நிலையில் வேலை முடிந்து களைத்துவரும் மனிதர்களைப் பல ஆண்டுகள் கட்டி வைத்திருந்தது ஒரு தனித்திறன். வால்காட்டுக்குக் கோபம் மிகுதி என்று அவருடன் பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கோபம் மட்டும் போதுமென்றால் எங்கள் இயக்குநர் உலகப்புகழ் பெற்றிருக்க வேண்டும்.

பிப்ரவரி 3

பலரும் கேட்கும் இடத்துக்கு வருகிறேன்: பட்டறை ஏன் லிட்டில் கரீபை விட்டு வெளியேறியது?

1960களின் நடுவில் மெக்பர்னிக்கும் வால்காட்டுக்கும் இடையே மனத்தாங்கல் முற்றியது. அந்தக் கூடத்தில் முதன்மை எதற்கு, நடனத்துக்கா நாடகத்துக்கா, நாட்களை யார் பிரிப்பது, யாருடைய பெயரில் நிகழ்ச்சி நடக்கிறது என்பவை சில்லறைச் சண்டைகள்போலத் தோன்றும். ஆனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு தலைமைகள் இருக்கும்போது சண்டை இப்படிப்பட்ட சில்லறையாகத்தான் வெளிப்படும். கட்டடமும் நலிந்துகொண்டிருந்தது, பிறகு அதே முனையில் அதைப் புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

வெளியே வந்த குழு 1966இல் பிரெட்டன் ஹால் ஹோட்டலின் நிலவறையில் இடம் பிடித்தது. முதலில் அந்த நிலவறையையே பெயரில் சேர்த்துக்கொண்டது. பின்னர் ட்ரினிடாட் நாடகப் பட்டறை ஆனது. எட்வர்ட் ஆல்பியின் ‘ஜூ ஸ்டோரி’, வால்காட்டின் ‘சீ அட் டோஃபின்’ இரண்டையும் சேர்த்துத் தொடங்கினார்கள். நியூயார்க் பூங்கா பெஞ்சு ஒன்றில் இரண்டு பேர். அதை அடுத்து, கடலில் தோழன் ஒருவனை இழந்துவிட்ட செயின்ட் லூசிய மீனவர்கள். நெருக்கமான அறைக்கு இவ்விரண்டையும்விடப் பொருத்தமான தேர்வு அரிது. அதே ஆண்டில் ஒரே பருவத்தில் பிரெஞ்சு நாடகாசிரியர் ஜெனேயின் ‘தி பிளாக்ஸ்’, டொபேகோக் கவிஞர் எரிக் ரோச்சின் ‘பெல் ஃபான்டோ’, வோலே சோயின்காவின் ‘தி ரோடு’ மூன்றையும் மாற்றி மாற்றி நடத்தினார்கள். நைஜீரிய நாடகம் ஒன்றை 1966இல் கரீபியத்தில் பகல்நேர ஊழியர்கள் நடிக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

வெளியேற்றம் நேராதிருந்தால் இந்தப் பருவம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. மெக்பர்னியின் கூடத்தில் அவர்கள் பயிற்சி மாணவர்களாகவே நீடித்திருக்கக்கூடும். நிலவறை அவர்களைத் தனிக் குழுவாக்கியது. ஆயினும் இதை மெக்பர்னிக்கு எதிரான தீர்ப்பாக வாசிக்க வேண்டாம். மண்டபம் வைத்திருப்பவர் பக்கத்திலும் நான் இருந்திருக்கிறேன். குழு கலைந்தபின் எங்கள் ஒத்திகைக் கொட்டகையின் சாவி சில காலம் என்னிடம் இருந்தது. இன்னொரு குழுவுக்கு மாலை நேரத்தைக் கொடுத்தோம். ஒளிவிளக்கு உடைந்தது, மின்கட்டணம் வந்தது, மழைக்குத் தகரம் பிரிந்தது. அந்தக் குழுவின் நாடகத்துக்கு நல்ல பெயர் வந்தபோது கொட்டகையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு அது வலித்தது. அந்தச் சிறிய வலியைக் கொண்டுதான் மெக்பர்னியின் பிடிவாதத்தை அளக்கிறேன். அளவுகோல் சிறியது என்பது தெரிந்தே.

பிப்ரவரி 4

சிறு திருத்தம், மேலே ஒருவர் எழுதியிருப்பதற்கு. வால்காட்டின் ‘ட்ரீம் ஆன் மங்கி மவுண்டன்’ நாடகம் முதலில் நியூயார்க்கில் மேடையேறவில்லை. பட்டறைக் குழுவே அதை 1967 ஆகஸ்டில் கனடாவின் டொரண்டோவில் முதன்முதலாக நடத்தியது. மக்காக் என்ற, மரக்கரி சுட்டு விற்பவனாக எரல் ஜோன்ஸ் நடித்தார். 1971இல் நியூயார்க்கில் நடத்தியது நீக்ரோ என்செம்பிள் கம்பெனி என்ற வேறு குழு. அந்த மேடையேற்றத்துக்குத்தான் ஓபி என்னும் நியூயார்க் நாடக விருது கிடைத்தது. தீவில் வளர்த்தெடுத்த பாத்திரம், பெருநகரில் வேறு நடிகரின் உடலில் பரிசு பெற்றது. நாடகாசிரியர் பயணம் போக முடியும். குழு அத்தனை எளிதில் போக முடியாது.

பிப்ரவரி 11

பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஜமைக்காவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும்.

கிங்ஸ்டனில் கிரெட்டா, ஹென்றி ஃபவுலர் தம்பதியர் 1941இல் லிட்டில் தியேட்டர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வார்டு தியேட்டரில் ஆங்கிலேயர் பாணியில் ஒரு பேண்டமைம், அதாவது பாட்டும் நகைச்சுவையும் கலந்த கிறிஸ்துமஸ் கால நாடகம், நடத்தினார்கள். கதை, அவரைக்கொடி ஏறும் ஜாக். ஆண்டுதோறும் அதே நாளில் தொடங்குவது வழக்கமாயிற்று. லூயிஸ் பென்னட் போன்றவர்கள் வந்து அதில் ஜமைக்கா மொழியையும் அனன்சி என்னும் தந்திரச் சிலந்தியையும் புகுத்தினார்கள். 1949இல் ஆங்கிலேயக் கதையின் நீலத்தாடியும் அனன்சியும் ஒரே மேடையில் நின்றார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வரும் கூட்டம் பணம் தந்தது. அந்தப் பணம் சேர்ந்து 1961இல் அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

ட்ரினிடாடில் அந்த வழி அடைபட்டிருந்தது. அங்கே ஆண்டின் பெருங்கூட்டமும் பெரும்பணமும் கார்னிவல் என்னும் தெருத்திருவிழாவுக்குப் போய்விடும். டிசம்பருக்குப் பிறகு தையற்காரரும் ஆட்டக்காரரும் வாத்தியக்காரரும் கார்னிவல் உடை தைக்கும் முகாம்களிலும் ஸ்டீல்பேண்ட் ஒத்திகை முற்றங்களிலும்தான் கிடைப்பார்கள். நான் அங்கிருந்தபோது, ஜனவரியில் நாடகம் ஏதேனும் உண்டா என்று உடன் பணியாற்றிய ஒருவரிடம் கேட்டேன். ஊரே ஒத்திகையில் இருக்கும்போது பார்ப்பதற்கு யார் வருவார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். தெருவே அரங்காக இருக்கும் நகரத்தில் டிக்கெட் விற்றுச் சிறிய மண்டபத்தை நிரப்புவது கடினம். கார்னிவல் நாடகத்தைத் தின்றுவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. தாளம், முகமூடி, சவால் பேச்சு என்று அது நாடகத்துக்குக் கொடுத்ததும் உண்டு. கூரைக்கான பணத்தைத்தான் கொடுக்கவில்லை.

அரசு? சுதந்திரத்துக்குப் பின் 1963இல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் தொடங்கிய சிறந்த கிராமப் போட்டி, நாட்டுப்புற ஆட்டங்களுக்குப் பரிசும் மேடையும் தந்தது. மெக்பர்னி தனியாகத் தொடங்கிய வேலையை அரசு எடுத்துக்கொண்டது என்று இதைப் பாராட்டலாம். வால்காட் அப்படிப் பார்க்கவில்லை. 1970இல் எழுதிய நீண்ட கட்டுரையில், அரசு கொஞ்சி வளர்க்கும் நாட்டுப்புறக் கலை சுற்றுலாவுக்கான புன்னகையாகச் சுருங்குகிறது என்று கடுமையாகச் சாடினார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கோவில் திருவிழாவில் ஆடியவர்களைக் குடியரசு நாள் ஊர்வல வண்டியில் ஏற்றியதை நாமும் பார்த்தவர்கள்தாமே.

பிப்ரவரி 18

1970 என்று சொன்னதால் ஒரு துணுக்கு. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் போர்ட் ஆஃப் ஸ்பெயின் வீதிகளில் கறுப்பு அதிகாரப் பேரணிகள். ஏப்ரல் 21இல் நெருக்கடிநிலை அறிவிப்பு. படைப்பிரிவு ஒன்றில் கலகம். ஜெனேயையும் ஆல்பியையும் நடித்த குழுவைப் பார்த்து, நீங்கள் யாருக்காக நடிக்கிறீர்கள் என்று கேட்க வீதியில் ஆட்கள் இருந்தார்கள். ஆப்பிரிக்க வேரும் ஐரோப்பிய மொழியும் தம்முள் ஒருசேர ஓடுகின்றன என்ற வால்காட்டின் நிலைப்பாடு அந்த நேரத்தில் இரு தரப்புக்கும் இனிக்கவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குழு ஒயிட் தெருவுக்கே திரும்பியது. 1974 நவம்பரில் ‘ஜோக்கர் ஆஃப் செவில்’, 1976 மார்ச்சில் ‘ஓ பாபிலோன்!’ இரண்டும் முதன்முதலில் நடந்தது லிட்டில் கரீப் அரங்கில். முதலாவது நாடகம், டான் ஹுவான் கதையை எழுதிய ஸ்பானிய நாடகாசிரியர் டிர்சோ டி மோலினாவின் தழுவல். இங்கிலாந்தின் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி கேட்டு எழுதியது. அவர்கள் அதை மேடையேற்றவில்லை. வால்காட் அதைக் கழிச்சண்டைக் களமான ‘கயேல்’ வடிவத்தில், பார்வையாளர்கள் சுற்றி அமர வட்டமாக நடத்தினார். ‘ஹேர்’ இசைநாடகத்தின் கால்ட் மெக்டெர்மட் இசையமைத்தார். மெக்பர்னி மேடைக்குக் கொண்டுவந்த தீவின் ஆட்டமும் தாளமும் ஸ்பானியச் செவ்வியல் நாடகத்துக்குள் புகுந்து அதே கூரையின் கீழ் ஒலித்தன. முதல் நாளில் நம் நண்பர் சொன்ன ‘ஒத்திகை மண்டபம்’ இதுதான்.

1976இலேயே வால்காட் குழுவிலிருந்து விலகினார். ‘ஓ பாபிலோன்!’ அரங்கேறிய சில வாரங்களில் பக்கத்து மைதானத்தில் இந்தியா 403 ரன்களைத் துரத்திக்கொண்டிருந்தது. நிறுத்துகிறேன் என்று சொன்னேன்; இது கடைசி.

மார்ச் 2

சில நாட்களாக ஒன்று உறுத்துகிறது. ‘மக்கள் அரங்கம்’ என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் தாராளமாகப் புழங்கிவிட்டோம். எந்த மக்கள்?

வுட்புரூக், கரும்புத் தோட்டமாக இருந்த நிலம்; அங்கோஸ்டுரா கசப்புச் சாறு தயாரித்த சீகர்ட் குடும்பத்தாரிடமிருந்து 1911இல் நகருக்கு வந்தது. இன்றும் பல தெருக்களுக்கு அந்தக் குடும்பத்தினரின் பெயர்கள்தாம். அங்கே குடியேறியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர், எழுத்தர், அரசு ஊழியர் ஆகிய படித்த நடுத்தர வகுப்பார். லிட்டில் கரீபின் மக்கள் இவர்கள். ஆட்டத்தைத் தந்த கிராமத்தார் வேறு. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,43,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் வேறு; அவர்களுள் பெரும்பாலோர் கங்கைச் சமவெளியினர், சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள் சிறு பகுதியினர்.

தலைநகரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கரோனிச் சமவெளியில் ஃபெலிசிட்டி என்று ஒரு கிராமம். அங்கே ஆண்டுதோறும் வெட்டவெளியில் ராம்லீலை நடக்கிறது: மூங்கிலில் கட்டிய பெரிய உருவம், வில்லும் அம்புமாகச் சிறுவர்கள், சுற்றிலும் ஊர். மேடையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. 1992இல் நோபல் உரையை வால்காட் இந்தக் கிராமத்தில்தான் தொடங்கினார். தாம் அதை ஒரு நாடகாசிரியரின் கண்ணால், நாடகமாகவே பார்த்ததாகவும், ஆடியவர்களுக்கோ அது நம்பிக்கை என்பதைப் பின்னர் உணர்ந்ததாகவும் அதில் சொல்கிறார். எத்தனையோ ஆண்டுகள் அந்தத் தீவில் நாடகத்துக்காக மூச்சுமுட்ட உழைத்தவர் அந்த ஆட்டத்தை அதுவரை அறிந்திருக்கவில்லை என்பதை அந்த உரையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் கடந்து போய்விடுகிறார்கள். சமூகமே சேர்ந்து நடத்தும் அரங்கம் என்ற இலக்கணத்துக்கு லிட்டில் கரீபைவிடவும் பட்டறையைவிடவும் ஃபெலிசிட்டி கூடுதலாகப் பொருந்துகிறது.

தமிழர் தொடர்பு கேட்டவருக்கு: அதை ட்ரினிடாடில் தேடுவதைவிடப் பிரெஞ்சுத் தீவுகளில் தேடுங்கள். 1853இல் மார்த்தினிக்குக்கும், 1854இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல்கள் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து மக்களை ஏற்றிச்சென்றன. அங்கே மாரியம்மனும் மதுரைவீரனும் இன்றும் வழிபடப்படுகிறார்கள். நம் கூத்தின் வழியில் வந்த ‘நாட்ரோன்’ என்னும் இரவு ஆட்டத்தை அவர்களின் முன்னோர் அங்கே கொண்டுசென்றார்கள். தமிழ் பேச்சுமொழியாக மறைந்த பிறகும் அதன் பாடல்கள் தமிழிலேயே நின்றன. தனி இழையே தேவைப்படும் பொருள் அது.

மார்ச் 9

பிற்கால நிலையைக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. வால்காட் போனபின் பட்டறை நின்றுவிடவில்லை. பழைய நடிகர்களே அதைத் தாங்கினார்கள், ஆல்பர்ட் லாவோ நெடுங்காலம் கலை இயக்குநராக இருந்தார். 1990களில் நகர நடுவில் உள்ள பழைய தீயணைப்பு நிலையத்தில் நடத்தினார்கள். அந்த இடம் தேசிய நூலக வளாகத்தோடு சேர்க்கப்பட்டதும் மறுபடி பெயர்ந்து, பெல்மான்ட் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். மெக்பர்னி எழுப்பிய அரங்கம் அதே தெருமுனையில் இருக்கிறது. ஜமைக்காவின் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டு, 1962இல் தம் நாட்டின் தேசிய நடனக் குழுவை நிறுவியவர், மெக்பர்னியை முன்னோடியாகப் போற்றினார். அச்சில் வந்த நாடகங்கள் எல்லா நூலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆட்டங்கள் ஆடியவர்களின் உடலோடு போயின. எனவேதான் வால்காட்டிலிருந்து வரலாற்றைத் தொடங்கும் பழக்கம் வந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 10

கல்லூரிக் குழுவுக்கு வால்காட்டின் எந்த நாடகம் தோதுபடும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ‘டி-ஜான்’ என்றே சொல்வேன். ஏழைத்தாய் ஒருத்தி, மூன்று மகன்கள், அவர்களைச் சினமூட்டிப் பார்க்க வரும் சாத்தான். முதல்வன் உடல் வலிமையையும் இரண்டாமவன் படிப்பையும் நம்பி உயிரிழக்கிறார்கள். கடைக்குட்டி சாத்தானின் ஆட்டுக்கு விதையடித்து, கரும்புத் தோட்டத்துக்குத் தீவைக்கச் சொல்லி, அவனையே சினம்கொள்ள வைத்து வெல்கிறான். கதையைச் சொல்வது ஒரு தவளை. அரங்க அமைப்பு அநேகமாகத் தேவையில்லை. தாளக் கலைஞர்கள் இருவரும் நன்றாகப் பாடக்கூடிய சிலரும் கட்டாயம் வேண்டும். பிறவாத கருவின் உருவமான போலோம் பாத்திரத்துக்கு நல்ல குரல் உள்ளவரைத் தேடுங்கள், அங்கேதான் பல மேடையேற்றங்கள் சறுக்குகின்றன. மொழிபெயர்ப்பதாக இருந்தாலும் ஆங்கிலத்திலேயே நடத்துவதாக இருந்தாலும் முன்கூட்டியே உரிமை பெற்றுவிடுங்கள். வால்காட் காலமானது 2017 மார்ச்சில்; இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும், ஆகவே 2077 முடியும்வரை இலவசமாக எடுத்தாள வழியில்லை.